மூடுபனிக்கு மேல் ஊஞ்சல்

படகுத் துறையில் அவளை எல்லோரும் உச்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா அப்பா வைத்த பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் போல என்று அவளே ஒரு கணம் சும்மா இருந்துவிடுவாள். அவள் கணவனுக்கு நங்கூரம் என்று பெயர். இரண்டு பெயரையும் வைத்தவர் துறையின் மேஸ்திரி. ஒருத்தி மேலேயே இருப்பவள், ஒருவன் கீழேயே இருப்பவன். பெயர் தேட அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

வேலை இதுதான். பாய்மரம் என்று சொல்கிறோமே தவிர, இப்போதெல்லாம் அது உயரமான ஓர் அலுமினியக் குழாய். அதை நிமிர்ந்து நிற்கவைப்பவை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள். அந்தக் கம்பிகளை மரத்தோடு சேர்த்து வைத்திருப்பவை சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத பின்கள், சிறு தகடுகள், வளையங்கள். இவற்றில் ஒன்று நடுக்கடலில் விட்டுப்போனால் மொத்த மரமும் சரிந்து தலையில் விழும். உப்புக் காற்றோ விடாப்பிடியானது. சத்தம் போடாமல், வெளியே பளபளப்பை அப்படியே விட்டுவைத்து, உள்ளே இருந்து தின்னும்.

அதனால் உச்சியக்கா துணியால் தைத்த ஓர் ஊஞ்சலில் உட்கார்ந்து மரத்தின் உச்சிவரை போவாள். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவித் துடைப்பாள். கம்பி நுழையும் இடங்களில் நகத்தை ஓட்டி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பாள். எஃகும் அலுமினியமும் நேராக உரசும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் சுரண்டி எடுத்து, நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டை வைத்துத் திருப்பி முடுக்குவாள். திருகுகளின் மரை இறுகிப்போகாமல் ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுத்த மெழுகைத் தடவுவாள். பின்களின் கூர்முனை பாயைக் கிழிக்காமல் நாடா சுற்றுவாள். அவ்வளவையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்ய வேண்டும். கீழே நங்கூரம், கயிற்றை இழுத்துச் சுற்றும் உருளையான வின்ச்சின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அவளை ஏற்றுவான். சொன்ன இடத்தில் நிறுத்துவான். சொன்னபோது இறக்குவான்.

வீட்டில் அவனை "என்னங்க" என்பாள். மரத்தின் மேல் போனதும் அந்த "ங்க" கழன்று விழுந்துவிடும். "ஏத்து!" "நிறுத்து!" "இன்னும் ஒரு சாண்!" கீழ்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் நாத்தனார் ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தபோது இதைக் கேட்டுவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணி, எங்கண்ணனை இப்படி மிரட்டுறதுக்காகவே மேல ஏறுவீங்க போலிருக்கே!"

"வருஷம் பூரா கேட்டுக்கிட்டே இருப்பேன். உனக்கென்ன?" என்றான் அண்ணன்.

அவள் துறைக்கு வந்த புதிதில் படகின் அடிப்பாகத்தில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டுகிற வேலைதான் பார்த்தாள். மரம் ஏறுகிறவர் வேலையை விட்டுப் போனதும் மேஸ்திரி ஆள் தேடினார். ஆண்கள் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவினார்கள். இவள் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் போய்ப் பார்க்கட்டுமா?" என்றாள். வின்ச்சில் நின்ற தடித்த இளைஞன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஊஞ்சலின் முடிச்சை மட்டும் இருமுறை இழுத்துச் சரிபார்த்தான்.

அன்று மேலே போனவள் பேச்சு மூச்சில்லாமல் இருந்துவிட்டாள். கீழிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் தொண்டை வறண்டுபோனது.

"என்னம்மா ஆச்சு? மயக்கமா?"

"இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரட்டுமா?"

கீழே படகு ஒரு விரற்கடை அசைந்தால் உச்சி ஒரு கை தூரம் அசையும். அந்த அசைவில் அவளுக்குத் தன் உடம்பின் கனமே மறந்துபோயிருந்தது. கூரைகளின் முதுகுகள், துணி காயும் மாடிகள், தண்ணீருக்கு அடியில் மேகம்போல் நகர்ந்த மீன் கூட்டம் எல்லாம் யாரோ தூக்கத்தில் காண்பதுபோல் மெதுவாகத் திரும்பின. அவன் இறக்கும்போது கயிறு ஒருமுறைகூட உதறவில்லை. பஞ்சைத் தரையில் வைப்பதுபோல் அவளை வைத்தான். ஒருவனை நம்பிக் கட்டிக்கொள்ள இதைவிட என்ன வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த வருடம் கட்டிக்கொண்டாள்.

கல்யாணமான புதிதில் மேலே கண்டதையெல்லாம் அவனிடம் கொட்டினாள். அவன் பாவம், ஸ்டூலில் ஏறிப் பல்பு மாற்றச் சொன்னாலே காய்ச்சல் வந்துவிடும் ஆள். மீன் கூட்டம் வரை கேட்டுவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ஈரமாக மின்னியது.

"வேணாம்மா. நீ சொல்லச் சொல்ல உயரம் கண்ணு முன்னால வருது. கை வேர்த்தா கயிறு எப்படிப் பிடிக்கிறது?"

நியாயமான பேச்சுதான். அன்றோடு நிறுத்திக்கொண்டாள். சண்டையில்லை, கோபமில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது விலைவாசி பேசினார்கள், நாத்தனாரின் மகள் படிப்பைப் பேசினார்கள். மேலே கண்டது மட்டும் அவளுக்குள்ளேயே தங்கிப்போனது. சில நாள் அடுப்பு முன்னால் நிற்கும்போது தரை மெல்ல ஆடுவதுபோல் இருக்கும். கரண்டியைப் பிடித்தபடி ஆடிக்கொண்டே நிற்பாள். "குழம்பு அடிபிடிக்குது," என்பான் அவன் பின்னாலிருந்து. அவள் இறங்கி வருவாள்.

துறையில் பல் டாக்டரம்மா ஒருவருடைய படகு நின்றது. நடுத்தரப் படகு, ஆனால் மரம் மட்டும் நல்ல உயரம். கிளினிக் மூடுகிற நாளெல்லாம் டாக்டரம்மா அதில்தான் கிடப்பார். உச்சியக்கா தகடுகளின் பின்பக்கத்தைக் கழுத்தை வளைத்துப் பார்க்கப் பாடுபடுவதைக் கண்டு, பல்லின் பின்புறம் பார்க்கிற நீளக் கைப்பிடிக் கண்ணாடி ஒன்றை ஒருநாள் கொண்டுவந்து தந்தார்.

"சொத்தைப் பல்லுக்கும் உங்க சாமானுக்கும் பெரிய வித்தியாசம் இல்லக்கா. முன்னாடி சிரிக்கும், பின்னாடி ஓட்டையாயிருக்கும்."

அந்த வருட விடுமுறைக்கு டாக்டரம்மா தன் அக்காவோடு கரையோரமாக நீண்ட பயணம் போவதாக இருந்தார். போகும் முன் உச்சிமுதல் அடிவரை பார்த்துத் தரச் சொன்னார். துறைக்கு விடுமுறையான ஒரு காலையில், காற்று எழும் முன்னே முடித்துவிடலாம் என்று கணவனும் மனைவியும் வந்தார்கள். வேறு ஈ எறும்பு இல்லை. கடல் கண்ணாடி போலக் கிடந்தது.

ஊஞ்சலை ஒரு கயிறு தூக்கும். இன்னொரு கயிறு காவலுக்கு. உச்சியில் கயிற்றுக்கு ஒன்றாக இரண்டு கப்பிகள். உச்சியக்கா மேலே போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. முதலில் காவல் கயிற்றின் கப்பியைத்தான் பார்த்தாள். அது மரத்துக்கு வெளியே ஒரு இரும்பு வளையத்தில் தொங்கியது. பல் கண்ணாடியைப் பின்னால் நுழைத்தாள். வளையத்தின் வளைவில், பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு பழுப்புக் கோடு. நகம் வைத்தாள். நகம் தட்டியது. விரிசல்.

"காவல் கயிறு வளையம் விட்டிருக்கு," என்று கீழே சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகுதான் நினைத்தாள்.

அடுத்து, தன்னைத் தூக்கியிருக்கும் கயிற்றின் கப்பி. அதை மேலிருந்து பார்க்க வேண்டும். தகட்டில் பாதம் பதித்து, மரத்தை அணைத்து, ஊஞ்சலைவிட்டு எழும்பி நின்றாள். கப்பியின் அச்சு தேய்ந்து சக்கரம் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. அப்படியா சமாசாரம் என்று அவள் திரும்ப உட்கார்ந்தபோது, தளர்ந்திருந்த கயிறு சக்கரத்தைவிட்டுத் துள்ளி, சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையிலிருந்த சந்தில் விழுந்தது. அவள் கனம் அதை ஆப்புபோல் இறுக்கியது. அந்தக் குலுக்கலில் ஊஞ்சலின் கொக்கியிலிருந்து சாமான் ஏற்றி இறக்கும் வாளியும் அதன் மெல்லிய கயிறும் கழன்று கீழே போயின.

கீழே எங்கே போயின என்று பார்க்கக் குனிந்தவளுக்கு, கீழே என்பதே இல்லை.

கப்பியில் மூழ்கியிருந்த நேரத்தில் கடலிலிருந்து மூடுபனி ஓசைப்படாமல் வந்து துறையை விழுங்கியிருந்தது. படகுகள் இல்லை, தண்ணீர் இல்லை, நங்கூரம் இல்லை. வெள்ளையாக, தட்டையாக, கரை காணாமல் ஒரு பரப்பு. அதன் மேல் அங்கங்கே மற்றப் படகுகளின் மர உச்சிகள் பஞ்சில் குத்திய ஊசிகள்போல் நின்றன. வாளி அந்த வெள்ளைக்குள் சத்தமில்லாமல் நுழைந்தது. பிறகு எங்கோ ஆழத்தில் தொம்மென்று ஒரு சத்தம்.

அதற்குப் பிறகு வந்த குரல் அவள் கணவனுடையது என்று நம்பமுடியவில்லை. வார்த்தையாகக்கூட இல்லை அது.

"நான் இல்ல! வாளி! வாளிதான் விழுந்துச்சு!"

உயிர் போய் உயிர் வருவதற்கு ஆகும் நேரம் ஆனது.

"வாளியா?" என்றது பனி.

"ஆமா. நான் நல்லாத்தான் இருக்கேன். இறக்கிப் பாரு."

வின்ச் கறகறத்தது. ஊஞ்சல் அசையவில்லை.

"கயிறு சிக்கிக்கிச்சு," என்றாள். "காவல் கயித்தை நம்ப முடியாது. புதுக் கயிறு ஒண்ணு கைக்கு வந்தா உச்சித் தகட்டுல கட்டிக்கிட்டு நானே இறங்கிடுவேன். மேஸ்திரிக்குப் போன் போடு. அவர் யாரையாவது கூட்டிக்கிட்டு வரட்டும். அவசரமில்ல."

உண்மையிலேயே அவளுக்கு அவசரமில்லை. வெயில் வெள்ளைப் பரப்பின் விளிம்பில் இளஞ்சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் வட்டத் தலை தீவுபோல் மிதந்தது. பக்கத்து மர உச்சியில் ஒரு கடற்காகம் வந்து உட்கார்ந்து, இந்த நேரத்தில் நீ எங்கே இங்கே என்பதுபோல் பார்த்தது. சத்தமெல்லாம் பஞ்சில் சுற்றிவைத்ததுபோல் இருந்தது. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்து, வந்த வழியே போயிற்று. கால் மட்டும் ஊஞ்சலின் பட்டையில் அழுந்தி மெல்ல மரத்துக்கொண்டு வந்தது.

"போன் போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"எடுக்கல."

"இன்னொருவாட்டி போடு."

பதிலுக்கு மரத்தில் ஓர் அதிர்வு வந்தது. தொடையை மரத்தில் அணைத்திருந்ததால் எலும்பில் கேட்டது. டக். சற்று இடைவெளி. டக்.

அந்த மரத்தின் இரண்டு பக்கமும் மடக்குப் படிகள் உண்டு. ஆனால் அவை உச்சிவரை இல்லை. கம்பிகளை அகட்டிப் பிடிக்கும் குறுக்குச் சட்டத்தோடு, அவளுக்கு ஓர் ஆள் உயரத்துக்குக் கீழேயே, நின்றுவிடும். அந்தப் படிகளில் யாரோ ஏறுகிறார்கள். துறையில் இருப்பது ஒரே ஒரு ஆள்.

"என்னங்க," என்றாள். மரத்தின் மேலிருந்து அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. "என்ன பண்றீங்க?"

"பேசாத. பேசினா எண்ணம் ஓடும்."

"வேணாங்க. இறங்குங்க. சொன்னாக் கேளுங்க!"

"ஒண்ணும் தெரியல," என்றது குரல், முன்பைவிடப் பக்கத்தில். ஒரு குழந்தை ஆச்சரியப்படுவதுபோல் இருந்தது. "கீழ ஒண்ணுமே தெரியலம்மா. எல்லாம் வெள்ளையா இருக்கு. தெரிஞ்சாத்தானே பயம்."

டக். டக். பிறகு மூச்சிரைப்பு கேட்டது. பிறகு வெள்ளைப் பரப்பு ஓரிடத்தில் கலைந்து, அதிலிருந்து அவனுடைய வழுக்கைத் தலை மெல்ல முளைத்தது. அதன்மேல் பனித்துளிகள். பின்னர் கண்கள். அவை சூரியனைக் கண்டு சுருங்கி, பிறகு பெரிதாகத் திறந்துகொண்டன.

குறுக்குச் சட்டத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, தோளில் சுருள் கயிறோடு, இடுப்புவரை பனிக்குள் நின்றபடி அவன் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். கடற்காகத்தைப் பார்த்தான். வந்த காரியமே அவனுக்கு மறந்துபோயிற்று.

"இங்கயா," என்றான், "இவ்வளவு நாளும் நீ இருந்தே?"

"தினமும் இப்படி இருக்காது."

"எப்படி இருக்கும்?"

எங்கே ஆரம்பிப்பது? "சொல்றேன்," என்றாள். "முதல்ல கயித்தைக் கொடுங்க. கால் மரத்துப் போச்சு."

"மரத்துல இருந்தா மரத்துத்தான் போகும்," என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். இவனுக்கு எங்கிருந்து வந்தது இந்தத் துணிச்சல் என்று அவள் அசந்துபோனாள்.

அவன் எறிந்த கயிற்று நுனி இரண்டாவது முறை அவள் கைக்கு வந்தது. மரத்தின் உச்சியில் முன்கம்பியைப் பிடிக்கும் கனத்த தகடு ஒன்று உண்டு. அதைக் கண்ணாடி வைத்துச் சுற்றிப் பார்த்தாள். பழுதில்லை. கயிற்றை நடுவில் மடித்து அதன் துளையில் கோர்த்துத் தன்னைக் கட்டிக்கொண்டு, சிக்கிய கயிற்றை ஊஞ்சலிலிருந்து அவிழ்த்துவிட்டு, முடிச்சைத் தளர்த்தித் தளர்த்தி இறங்கினாள். குறுக்குச் சட்டத்தில் மரத்துக்கு மறுபுறமாக அவன் எதிரே கால் வைத்தாள். கயிற்றை உருவி எடுத்துக்கொண்டாள். இருவர் முகத்துக்கும் நடுவே அலுமினியக் குழாய் மட்டும் இருந்தது. மரம் அவர்களை மெல்ல அந்தப் பக்கம் கொண்டுபோயிற்று, இந்தப் பக்கம் கொண்டுவந்தது.

"ஆடுது," என்றான் அவன் மெதுவாக.

"ஆமா."

"நல்லா இருக்கு."

அப்போதுதான் காற்று எழுந்தது. வெள்ளைப் பரப்பு முதலில் சுருங்கியது, பிறகு கிழிந்தது. ஒரு கிழிசல் வழியாகப் படகின் தளம் தெரிந்தது. ஒற்றைச் செருப்பு அளவு. அதன்மேல் வாளி ஒரு பொத்தான்போல் கவிழ்ந்து கிடந்தது.

அவன் அதைப் பார்த்துவிட்டான். முகம் வெளுத்துப்போனது. மரத்தைக் கட்டிக்கொண்ட கை கட்டிக்கொண்டபடியே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டான். "என்னால முடியாது," என்றான். "நீ போ. நான் இங்கயே இருந்துக்கறேன்."

"இங்கயே இருந்து என்ன பண்ணுவீங்க? முட்டை போடுவீங்களா?"

அவன் சிரிக்கவில்லை. அவள் புதுக் கயிற்றை அவன் இடுப்பைச் சுற்றி, மரத்தையும் சேர்த்து வளைத்துக் கட்டினாள். முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு தனக்கும் ஒரு சுற்று.

"கண்ணை மூடிக்கிட்டே இருங்க. உங்க வலது காலை நான் பிடிச்சுக்கறேன். தெரியுதா? அதை நான் எங்க வைக்கிறேனோ அங்க விடுங்க."

குனிந்து, அவன் பாதத்தைப் பிடித்து, கீழ்ப்படியில் வைத்தாள். அழுத்திக் காட்டினாள். பிறகு இடது. தடித்த, வெடிப்பு விழுந்த பாதங்கள். இத்தனை வருடத்தில் அவற்றை அவள் கையில் எடுத்ததே இல்லை. ஒவ்வொரு படிக்கும் கயிற்று வளையத்தைத் தளர்த்தி இறக்கி, மறுபடி இறுக்கினாள். வழியில் இன்னொரு குறுக்குச் சட்டம் வந்த இடத்தில் வளையத்தை ஒவ்வொன்றாக அவிழ்த்து அதற்கடியில் மறுபடி கட்டினாள். அவன் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனாள். "நிறுத்து, ஒரு சாண், இறக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

பாதி வழியில் டாக்டரம்மா வந்துசேர்ந்தார். தளத்தில் ஆளில்லை, வாளி கவிழ்ந்து கிடக்கிறது, வின்ச் அநாதையாக நிற்கிறது. அண்ணாந்தார். மிச்சமிருந்த பனிக்குள்ளிருந்து நான்கு கால்கள் இறங்கி வந்துகொண்டிருந்தன.

"ரெண்டு பேரும் மேல என்ன பண்றீங்க?"

நங்கூரம் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னான். "சும்மா, காத்து வாங்கலாம்னு."

தளத்தில் கால் பட்டதும் அவன் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். டாக்டரம்மா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றித் தந்தார். உச்சியக்கா விரிசல் வளையத்தைப் பற்றியும் தேய்ந்த கப்பியைப் பற்றியும் சொன்னாள். டாக்டரம்மா முகம் சுண்டக் கேட்டுக்கொண்டார். "அக்காவோட நடுக்கடல்ல இருக்கும்போது இது விட்டிருந்தா?" என்றார்.

அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நாத்தனார் கஞ்சியோடு மாடிக்கு வந்து, போர்வைக்குள் கிடந்த அண்ணனைப் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அண்ணி சொல்றது நிஜமா? இல்ல, அவங்க கயிறு திரிக்கிறாங்களா?"

"கயிறு கொண்டுபோனது நான்தான்," என்றது போர்வை.

காய்ச்சல் விட்டபின் இருவரும் வேலையை முடித்தார்கள். இந்த முறை அவள் படிகளில் ஏறி, குறுக்குச் சட்டத்தில் நின்று, உச்சித் தகட்டில் எட்டிக் கோர்த்த புதுக் கயிற்றில்தான் மேலே போனாள். தேய்ந்த கப்பிக்குப் புது அச்சு, புதுச் சக்கரம். விரிசல் வளையத்துக்குப் பதில் கனத்த வளையம், அதைப் பூட்டும் பின் தானாகச் சுழன்று கழலாமல் மெல்லிய கம்பிக் கட்டு. எஃகு உட்கார்ந்த இடமெல்லாம் பிளாஸ்டிக் துண்டு, மெழுகு. குறுக்குச் சட்டத்தின் நுனிகளுக்கு நாத்தனார் தைத்துத் தந்த தோல் உறை. அவன் அதற்குப் பிறகு ஒரு படிகூட ஏறவில்லை. ஏறப்போவதும் இல்லை என்றான். ஆனால் அவள் இறங்கியதும், வின்ச்சைத் துணியால் துடைத்தபடி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "ம், என்ன தெரிஞ்சுது?" என்று கேட்பான். கை வேர்த்தால் பரவாயில்லை, வேலைதான் முடிந்துவிட்டதே. வீடு போய்ச் சேரும்வரை அவள் சொல்வாள். பல வருடத்துச் சரக்கு, ஒருநாளில் தீருகிறதா என்ன?

பயணத்துக்கு முன் வெள்ளோட்டம் பார்க்க டாக்டரம்மா இருவரையும் படகிலேயே வரச்சொல்லிவிட்டார். எத்தனையோ மரங்களைப் பார்த்துக்கொடுத்த அவர்கள் எந்தப் பாயின் கீழும் அதுவரை கடலுக்குப் போனதில்லை. துறைமுகச் சுவரைத் தாண்டியதும் பாய் விரிந்து, ஒரு பெருமூச்சு விட்டு, நிரம்பியது. படகு ஒருபக்கம் சாய்ந்தது. காற்றின் பக்கத்துக் கம்பிகள் விண்ணென்று இறுக, மறுபக்கத்தவை லேசாகத் தொய்ந்தன. உச்சியக்கா தொய்ந்த கம்பிகளையே வெறித்துப் பார்த்தாள்.

"அது அப்படித்தான் இருக்கணும்கா," என்றார் டாக்டரம்மா சுக்கானைப் பிடித்தபடி.

அவளுக்கும் தெரியும். தெரிந்தும் எழுந்துபோய் இறுக்கமான கம்பியில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே ஏதோ முனகிக்கொண்டிருந்தது. எலும்புக்குள் ஓடும் பாட்டு மாதிரி. கழுத்தை அண்ணாந்து உச்சியைப் பார்த்தாள். தன் இடத்தை அவள் கீழிருந்து இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அது வானத்தில் பெரிய பெரிய வளைவுகளாக எதையோ எழுதி அழித்துக்கொண்டிருந்தது.

நங்கூரம் பாய் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பயப்படுவான் என்று நினைத்தாள். அலை தூக்கிய தூக்கில் அவன் கண் சொருகி, வாய் லேசாகத் திறந்து, தூங்கிப்போயிருந்தான். அவள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வெயில் முகத்தில் விழாமல் தன் நிழலைக் கொஞ்சம் நகர்த்திவைத்தாள். கரை மெலிந்து மெலிந்து ஒரு கோடாகிக்கொண்டிருந்தது.